உதட்டில் ஒட்டிய பக்கம்

எர்மெலிண்டா மெடைரோஸுக்குச் சம்பளமே அழிப்பதற்குத்தான். நியூபோர்ட் ஊரில் ஹாலோவே ஸ்டுடியோவின் மாடியில் பன்னிரண்டு வருடம் ஜன்னலோரமாக உட்கார்ந்து, கோடைக்கு மட்டும் வந்து போகும் பணக்காரச் சீமாட்டிகளின் கழுத்துச் சுருக்கத்தை நெகட்டிவிலேயே அழித்தாள். இரட்டைத் தாடையை ஒற்றையாக்கினாள். ஒரு வங்கிக்காரர் மனைவிக்குக் கண்ணுக்குக் கீழே இருந்த பையை எடுத்ததில், அந்த அம்மாள் தன்னையே அடையாளம் தெரியாமல், "இது என் தங்கச்சி படம்" என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். இதை எர்மெலிண்டா பெருமையாகத்தான் சொல்லுவாள். கை அப்படிப்பட்ட கை.

யுத்தம் வந்தது, சீமாட்டிகள் வருவது நின்றது, ஸ்டுடியோ முதலாளி கையை விரித்தார். அதே சமயம் நியூபோர்ட் இருக்கும் தீவின் மேற்குக் கரையில், விரிகுடாவைப் பார்த்தாற்போல், கடற்படை ஒரு பயிற்சித் தளம் போட்டிருந்தது. டார்பிடோ படகு ஓட்டப் பழக்கும் தளம். மரத்தால் செய்த எண்பது அடிப் படகு, உள்ளே மூன்று விமான எஞ்சின், மேலே பக்கவாட்டில் டார்பிடோ குழாய்கள். அது கிளம்பினால் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் குனிந்திருப்பவர்கள் நிமிர்ந்து காதைப் பொத்திக்கொள்வார்கள். அந்தத் தளத்தில் படம் கழுவும் கொட்டகைக்கு, நெகட்டிவைத் திருத்தும் டச்சிங் வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். எர்மெலிண்டா போனாள். அங்கே அழிக்க வேண்டியது சுருக்கம் இல்லை, எண்.

பத்திரிகைக்குப் போகும் எந்தப் படத்திலும் படகின் எண் தெரியக் கூடாது. கம்பத்தின் உச்சியில் கும்பா கவிழ்த்தது போல் இருக்கும் ரேடார் தெரியக் கூடாது. பின்னால் இருக்கும் கரை தெரியக் கூடாது. எர்மெலிண்டா நெகட்டிவைக் கண்ணாடி மேஜையில் வைத்து, சின்னக் கத்தியால் எண்ணைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் பென்சிலால் படகின் நிறத்தையே நிரப்பிவிடுவாள். பிறந்ததிலிருந்தே எண் இல்லாத படகு மாதிரி ஆகிவிடும். கொட்டகைக்குப் பொறுப்பாளர் சீஃப் பிக்ஸ்பி. இருபது வருடம் கடற்படையில் ஊறியவர், பாராட்டு என்பது அவர் வாயிலிருந்து ஈறு வலியோடுதான் வரும். அவரே ஒரு நாள் சொன்னார்: "எதிரி பாத்தாலும் கண்டுபிடிக்க மாட்டான், நம்ம ஆளு பாத்தாலும் கண்டுபிடிக்க மாட்டான். நல்ல வேலை."

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவே இல்லை. நெகட்டிவுக்கு இரண்டு பக்கம். ஒன்று படம் பதியும் மருந்துப் பக்கம், ஒன்று வெறும் பளபளப் பக்கம். பெரிதாக்கும் கருவியில் தப்பான பக்கமாக வைத்தால் படம் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலம் மாறி விழும். இந்தக் குழப்பம் வரக் கூடாது என்றுதான் ஃபிலிமின் ஒரு மூலையில் சின்ன வெட்டுக்குறி போட்டு விற்கிறார்கள். இருட்டில் விரலால் தடவினாலே தெரியும். எர்மெலிண்டா பழகியது கண்ணாடித் தகட்டில். கண்ணாடியில் ஏது வெட்டுக்குறி? பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் மருந்துப் பக்கம், வழுக்கினால் வெறும் பக்கம். அவளும் அதையேதான் செய்தாள்.

"மிஸ் மெடைரோஸ், வெட்டுக்குறிய பாருங்க, வெட்டுக்குறிய. ஃபிலிமுக்கு முத்தம் குடுத்துட்டு நிக்காதீங்க" என்பார் சீஃப்.

"என் உதடு ஒரு நாளும் தப்பினது இல்ல, சீஃப்" என்பாள் அவள்.

இந்த வாக்கியத்தை அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கொட்டகையில் இருந்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

அக்டோபர் மாதம் ஒரு புதன்கிழமை காலை. படம் எடுக்கும் டெல்பர்ட் என்ற பையன் ஒரு படகில் நின்றுகொண்டு, முன்னால் வேகமாகப் போகிற இரண்டு படகுகளைப் பின்னாலிருந்து எடுத்தான். ஒன்று உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த வரிப்படகு. இன்னொன்று வெறும் சாம்பல் நிறம். பத்திரிகைக்குப் போகிற படம் என்பதால் எல்லோரையும் நீல உடையில் நிறுத்தியிருந்தார்கள். டெல்பர்ட் எடுத்த ஃபிலிமைப் பெட்டியில் வைக்கக் குனிந்தான். நிமிர்ந்தபோது ஒன்று மற்றொன்றின் விலாவில் ஏறியிருந்தது. எஞ்சின் அறையில் இருந்த ஒருவனுக்குப் பாதம் நசுங்கிவிட்டது.

கொட்டகைக்கு அன்று மதியம் இதெல்லாம் வதந்தியாகத்தான் வந்தது. எர்மெலிண்டாவுக்கு அதைவிடப் பெரிய கவலை நான்கு மணி தபால் வண்டி. பத்திரிகைக்கு அன்றே படம் போயாக வேண்டும். இரண்டு படகின் எண்ணையும் சுரண்டினாள். பென்சில் பிடிப்பதற்காகப் பிசின் தைலம் தடவினாள், மருந்துப் பக்கம் மட்டும் போதாமல் பளபளப் பக்கத்திலும் தடவினாள். காய நேரம் இல்லை. விளக்கை அணைத்து, ஓரத்தை உதட்டில் வைத்தாள். ஒட்டியது. கருவியில் சொருகி, ஆறு படம் போட்டு எடுத்தாள். ஒன்று பத்திரிகைக்கு, மற்றவை கோப்புக்கு. வண்டி கிளம்புவதற்கு இரண்டு நிமிடம் மிச்சம் இருந்ததில் அவளுக்கு ஒரே திருப்தி.

மோதல் விசாரணை மறுநாள் தொடங்கியது. கடலில் வழி விடுவதற்கு ஒரு விதி உண்டு, படகு ஓட்டுகிற எவனுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது: இரண்டு படகு நெருங்கினால், எவனுக்கு வலது கைப் பக்கம் மற்றவன் தெரிகிறானோ அவன் விலகிப் போக வேண்டும். ஆகவே கேள்வி ஒன்றுதான். வரிப்படகு எந்தப் பக்கம் இருந்தது, சாம்பல் படகு எந்தப் பக்கம்? வரிப்படகில் இருந்த அத்தனை பேரும் ஒரு மாதிரி சொன்னார்கள், சாம்பல் படகில் இருந்தவர்கள் அதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள். அவனவன் படகு அவனவனுக்குப் பெரிது, சொல்லாமல் என்ன செய்வார்கள். இந்த இழுபறியில் யாருக்கோ டெல்பர்ட்டின் படம் ஞாபகம் வந்தது. கோப்பிலிருந்து ஒன்றை எடுத்துப் போனார்கள். படத்தில் வரிப்படகு இடப்பக்கம், சாம்பல் படகு வலப்பக்கம். விலகியிருக்க வேண்டியது வரிப்படகு. டெல்பர்ட்டைக் கேட்டார்கள். அவனும், "ஆமா சார், நான் பாத்தது இப்படித்தான்" என்றான். அவன் பார்த்தது கேமராவின் மேல் கண்ணாடியில். அந்தக் கேமராவின் கண்ணாடியே எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றித்தான் காட்டும். அவன் அதை நினைத்தே பார்க்கவில்லை. பாவம், பத்தொன்பது வயது, அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தால் யாருக்குத்தான் நினைவு வரும்.

வரிப்படகின் சுக்கான் சக்கரத்தைப் பிடித்திருந்தவன் லோவெல் பெட்டிபோன். அயோவாவில் சோளக் கொல்லைக்காரன் மகன், இங்கே வரும்வரை கடலையே பார்த்ததில்லை, பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்கப் பிடிக்காதவன். அவனைப் படகிலிருந்து இறக்கிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரிக்கப் போட்டார்கள். முடிந்ததும் சட்டைக் கையில் இருக்கும் பதவிப் பட்டை பிடுங்கப்படும், படகு வேலை இனி இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் படக் கொட்டகைக்கு வந்தான். கையில் இன்னும் கிழங்கு மண் ஒட்டியிருந்தது. தொப்பியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"மேடம், அன்னிக்கு எடுத்த படம் வேற ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுதான் எடுத்தாங்க. அதத்தான் நீ பாத்தாச்சே."

"இன்னொரு தடவ பாக்கலாமா?"

எர்மெலிண்டா கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, சக்கரம் பிடிப்பது போல் வைத்து, முதலில் இடது பக்கம் தலையைத் திருப்பினான், பிறகு வலது பக்கம்.

"டாகெட் படகு எனக்கு இடது பக்கம் வந்துது, மேடம். இந்தக் காதுலதான் அவன் எஞ்சின் சத்தம் கேட்டுது" என்று இடது காதைத் தொட்டான். டாகெட் என்பவன்தான் சாம்பல் படகின் சக்கரம் பிடித்தவன். "சத்தியமா இந்தக் காதுதான். ஆனா படத்துல..."

"படத்துல வலது பக்கம் இருக்கு."

"அதான். ஒரு வாரமா யோசிக்கிறேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. எது இடது, எது வலதுன்னே மறந்து போயிருச்சோன்னு தோணுது. காலைல செருப்பு மாட்டுறப்பகூட ஒரு நிமிஷம் நின்னு பாக்குறேன்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "படம் பொய் சொல்லுமா, மேடம்?"

"படம் பொய் சொல்லாது, தம்பி" என்றாள் எர்மெலிண்டா. அவன்மீது இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னாள். வீணாக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, ஏற்றுக்கொண்டு போ என்கிற அர்த்தத்தில். அவன் தலையை ஆட்டிவிட்டுப் படத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். கதவைத் திறக்க இடது கையை நீட்டி, இழுத்து, வலது கையை நீட்டினான்.

எர்மெலிண்டா வீடு தளத்திலிருந்து மூன்று மைல். அப்பா செத்த பிறகு அவளும் அம்மா பெல்மிராவும்தான். பெல்மிரா அசோரஸ் தீவிலிருந்து பதினெட்டு வயதில் கப்பலேறி வந்தவள். முப்பத்தைந்து வருடம் ஆகியும் ஆங்கிலம் அவளுக்கு வாயில் போட்ட கல். ஆனால் தையல் ஊசி பேசும். யுத்தம் தொடங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டு வாசலில் மாலுமிகள் வரிசை கட்டுவார்கள். பதவி உயர்வு கிடைத்தவனுக்குச் சட்டைக் கையில் பட்டை தைக்க வேண்டும். கடற்படையில் அதற்கும் ஒரு முறை: துப்பாக்கி, டார்பிடோ, சக்கரம் என்று கப்பலின் மேலே நிற்கிறவனுக்கு வலது கையில் பட்டை. எஞ்சின், சமையல், எழுத்து வேலை பார்க்கிறவனுக்கு இடது கையில். பெல்மிராவுக்கு அவர்கள் பெயர் தெரியாது, பதவி தெரியாது. விரலால் துப்பாக்கி சுடுவது போல் காட்டினால் வலது, கரண்டி கிண்டுவது போல் காட்டினால் இடது. ஒரு பட்டைகூட அவள் தப்பாகத் தைத்ததில்லை. மகளுக்கு இருந்த கர்வம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எர்மெலிண்டா வீட்டுக்குள் நுழையும்போது பெல்மிரா மேஜையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு அடுப்பில் கீரை சூப் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, படத்துக்காகத்தான் பத்திரிகை வாங்குவாள்.

"அடியே எர்மா, இங்க வா. இந்த அக்கிரமத்தப் பாரு."

"என்னம்மா?"

"யாருடி என் தையலப் பிரிச்சது?"

டெல்பர்ட்டின் படம். அன்றைய பத்திரிகையில் பாதிப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். வரிப்படகின் பின் விளிம்பில், கேமராவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். மலைபோல ஒருவன். அந்தத் தளத்தில் அத்தனை பெரிய ஆள் ஒருவன்தான், ஹாகன். மினசோட்டாவிலிருந்து வந்த டார்பிடோக்காரன். போன மாதம் அவன் சட்டையை அக்குளில் பிரித்து இரண்டு விரல் துணி சேர்த்துக் கொடுத்தது பெல்மிராதான். மோதலுக்கு முந்தின ஞாயிறு பட்டை தைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

"இவனுக்கு நான் வலது கையிலதானே தைச்சேன்? இப்படிக் காட்டினான் பாரு" என்று பெல்மிரா இரண்டு கையையும் சேர்த்து மீன் போல் விர்ரென்று ஓட்டிக் காட்டினாள், அது டார்பிடோ. "தைச்சு முடிச்சதும் குழந்த மாதிரி கட்டிப் பிடிச்சு என் தலைல முத்தம் குடுத்தானே. இங்க பாரு, இடது கையில இருக்கு. எஞ்சின்காரன் மாதிரி. ஊரெல்லாம் பாக்குற பத்திரிகைல! பெல்மிராவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு சொல்ல மாட்டாங்க?"

எர்மெலிண்டா பத்திரிகையைக் கையில் எடுத்தாள். பட்டை இடது கையில்தான் இருந்தது. ஒரு கணம் அம்மாவைத்தான் சந்தேகப்பட்டாள், அதை இன்று நினைத்தாலும் அவளுக்குக் கூசும். அடுத்த கணம் ஞாபகம் வந்தது. பிசின் தைலம். இரண்டு பக்கமும் தடவிய பிசின் தைலம். காயாத தைலம் உதட்டில் ஒட்டாமல் வேறு என்ன செய்யும்?

படகில் எண் இருந்திருந்தால் அது திரும்பி விழுந்திருக்கும், பார்த்த எவனும் கண்டுபிடித்திருப்பான். அந்த எண்ணைத்தான் அவள் அவ்வளவு நேர்த்தியாக அழித்திருந்தாள்.

"நீ சரியாத்தான் தைச்சேம்மா" என்றாள்.

"பின்ன?"

"நான்தான் திருப்பிப் போட்டுட்டேன்."

பெல்மிராவுக்குப் புரியவில்லை. தன் தையல் தப்பில்லை என்பது மட்டும் புரிந்தது. அப்போதுதான் சூப் பொங்கி வழியும் சத்தம் கேட்டு அடுப்புக்கு ஓடினாள். எர்மெலிண்டா அன்று சாப்பிடவில்லை. செருப்பு மாட்டும்போது நின்று யோசிக்கிறவன் முகம்தான் அவளுக்கு முன்னால் இருந்தது. படம் பொய் சொல்லாது, தம்பி. தன் வாயாலேயே சொன்னது.

காலையில் முதல் ஆளாகக் கொட்டகைக்குப் போய் நெகட்டிவை எடுத்துப் பார்த்தாள். வெட்டுக்குறியைத் தடவினாள், இந்தத் தடவை விரலால். சந்தேகமே இல்லை. சரியாக வைத்து ஒரு படம் போட்டாள். வரிப்படகு வலப்பக்கம் போயிற்று, சாம்பல் படகு இடப்பக்கம் வந்தது, ஹாகனின் பட்டை வலது கைக்கு ஏறியது. ஈரம் சொட்டச் சொட்ட அதைக் கொண்டுபோய் சீஃப் பிக்ஸ்பியின் முன் வைத்தாள்.

சீஃப் அதை உற்றுப் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"விசாரணைல இன்னிக்கி மத்தியானம் தீர்ப்பு எழுதப் போறாங்க. அந்தப் படத்துக்குப் பின்னால கையெழுத்துப் போட்டது யாரு தெரியுமா? நான்."

"தெரியும், சீஃப்."

"அந்தப் பையனுக்கு ஒரு பட்டை போவும். ஒரு வருஷத்துல திரும்ப வாங்கிக்குவான். உங்களுக்கு வேல போவும், திரும்பக் கிடைக்காது. பொம்பளைய எடுத்தா இப்படித்தான்னு எனக்கு முதல்லயே சொன்னவங்க இருக்காங்க. அவங்க வாய்க்கு அவல் போட்ட மாதிரி ஆவும். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு." அவர் மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

"அவன் பட்டைக்காக அழல சீஃப். அவனுக்கு இடது எது, வலது எதுன்னே தெரியாமப் போயிருச்சு. நாம குடுத்த படத்தப் பாத்து அவன் தன் காதையே நம்பாமப் போயிட்டான். இப்படியே விட்டா அவன் எப்பவும் சக்கரத்தத் தொட மாட்டான். தொட்டாலும் பயந்துக்கிட்டேதான் தொடுவான்."

"வெட்டுக்குறியப் பாருன்னு எத்தன தடவ சொன்னேன்!" என்று சீஃப் மேஜையில் ஓங்கி அறைந்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, "வாங்க" என்று அவளுக்கு முன்னால் நடந்தார். நான் அந்த மனுஷனைப் பற்றி ஈறு வலி அது இது என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள். எர்மெலிண்டா நெகட்டிவைக் காட்டி, மருந்துப் பக்கம், வெட்டுக்குறி என்று விளக்கினாள். தலையை ஆட்டினார்கள், ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சட்டைக் கையைக் காட்டினாள். உடனே புரிந்தது. கடற்படைக்காரனுக்குப் பட்டை எந்தக் கையில் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹாகனைக் கூப்பிட்டார்கள். அவன் உள்ளே வந்து நின்றதும் அறையில் வெளிச்சம் குறைந்தது.

"உன் பட்டை எப்பவாவது இடது கையில இருந்துச்சா?" என்று நடுவில் இருந்த அதிகாரி கேட்டார்.

"இல்ல சார். அந்தம்மா தைச்சா தைச்சதுதான் சார்."

"எந்தம்மா?"

"இவங்க அம்மா சார்" என்று எர்மெலிண்டாவைக் காட்டினான்.

அதிகாரி அவளைப் பார்த்தார். "மிஸ் மெடைரோஸ், பன்னெண்டு வருஷ அனுபவம்னு எழுதியிருக்கு. இந்த வேலைல இருக்கிற ஒருத்தர் எப்படி இதுல தப்புப் பண்ண முடியும்?"

அவள் கைப்பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து, ஒரு வீணான ஃபிலிமில் இரண்டு பக்கமும் தடவி, ஓரத்தை உதட்டில் வைத்தாள். ஒட்டியது. திருப்பி வைத்தாள். ஒட்டியது. தோல் பிய்ந்து ஒரு பொட்டு ரத்தம் வந்தது. "என் உதடு தப்பவே தப்பாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன், சார். அதான் காரணம்" என்றாள். சீஃப் பிக்ஸ்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் பெட்டிபோனை உருளைக்கிழங்கிலிருந்து எழுப்பிவிட்டார்கள். அவன் கொட்டகைக்கு ஓடி வந்தான். எர்மெலிண்டா சரியாகப் போட்ட படத்தை அவனிடம் நீட்டினாள். வாங்கிப் பார்த்தான். படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினான். அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். கதவைத் திறக்க அவன் யோசிக்கவில்லை.

எர்மெலிண்டாவுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம், இனி வர வேண்டாம் என்று ஒரு கடிதம், இரண்டும் ஒரே உறையில் வந்தன. சீஃபுக்குக் கண்டனக் குறிப்பு ஒன்று. அதை அவர் படிக்காமலேயே மேஜை டிராயரில் போட்டதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அவள் தன் கத்திகளையும் பென்சில்களையும் டப்பாவில் எடுத்துக்கொண்டு நியூபோர்ட் பஸ்ஸுக்குத் தளத்தின் வாசலில் நின்றாள். ஸ்டுடியோ முதலாளியை மறுபடி ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணம். மகள் சாப்பிடாமல் போய்விடுவாள் என்று பெல்மிரா இனிப்பு ரொட்டியையும் தொத்திறைச்சியையும் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தாள்.

அதே பஸ்ஸுக்கு இன்னொருவன் நின்றான். மாலுமிகளின் நீளத் துணிப்பை காலடியில். சட்டைக் கையில் பட்டை பிரித்த இடம் மட்டும் கறுத்த நீலமாகத் தெரிந்தது. வலது கை.

பஸ் வந்தது. கூட்டம் இல்லை, இருந்தும் அவன் வந்து அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தான்.

"நீங்கதானே அந்தப் படக்காரம்மா? நான் ரஸ்ஸல் டாகெட்."

எர்மெலிண்டாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒருவனைத் தூக்கிவிட்டால் இன்னொருவன் விழுவான் என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் அவனுக்கு ஒரு முகம் இருக்கும் என்பதை இதுவரை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. வெயிலில் தோல் உரிந்த மூக்கு, இருபது இருபத்தொன்று வயது.

"எங்க போட்டிருக்காங்க?" என்றாள்.

"நாட்டுக்கு நடுவுல எங்கயோ ஒரு கிடங்கு. தண்ணியே கிடையாதாம்." பையின் கயிற்றை விரலில் சுற்றினான். "பொய் சொல்லணும்னு நான் சொல்லல மிஸ். அத உங்ககிட்ட சொல்லணும்னுதான் உக்காந்தேன். விசாரணைல முதல் நாளே எங்க படகுல எல்லாரும் வரிப்படகு எங்களுக்கு இடது பக்கம்னாங்க, நானும் சொன்னேன். ஆனா அன்னிக்கி எனக்கு வலது காதுலதான் சத்தம் கேட்டுது. விலகணும்னு தெரியும். ஏனோ கை போகல. ஒரு நொடி. அப்புறம் அந்தப் படம் வந்துது. சரி, என் காதுதான் தப்புன்னு நினைச்சுக்கிட்டேன். அப்படி நினைச்சுக்க எனக்கு ஆசையா இருந்துது."

ஜன்னலுக்கு வெளியே உருளைக்கிழங்குத் தோட்டம் போய்க்கொண்டிருந்தது.

"என் மேல கோபமில்லையா உனக்கு?" என்று கடைசியில் கேட்டாள்.

"கோபம் வந்திருக்கணும். வரல." அவன் யோசித்தான். "படம் என்னக் காப்பாத்திருச்சுன்னு எல்லாரும் முதுகுல தட்டுனாங்க. அன்னிலேர்ந்து ஒரு ராத்திரிகூட நான் தூங்கல, மிஸ். கண்ண மூடுனா வலது காதுல அந்தச் சத்தம். புதன்கெழம நீங்க போய்ச் சொன்னீங்களே, அன்னிக்கித்தான் தூங்கினேன்."

அவள் மடியில் இருந்த துணியைப் பிரித்தாள். ரொட்டியை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அவனுக்குக் கொடுத்தாள்.